துப்பாக்கி கிடைத்துவிடும்... சுடுவதற்கு இடம்?

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் பெல்லரோஸ், குயின்ஸ் வில்லேஜ் என்று அமைதியான குடியிருப்புகள் இருக்கின்றன. இந்தியக் குடும்பங்களும் கணிசமாக வசிக்கும் வட்டாரம். அந்தப் பக்கம் நடந்துபோகிறவர் தெருப் பெயர்ப் பலகைகளைக் கவனித்தால் கொஞ்சம் திடுக்கிடுவார். மஸ்கட் தெரு, பிஸ்டல் தெரு, சேபர் தெரு, ரேஞ்ச் தெரு, வின்செஸ்டர் சாலை! குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் தெருக்களுக்கு இப்படித் துப்பாக்கியும் வாளுமாகப் பெயர் வைத்தது யார்?

யாரும் வேடிக்கைக்காக வைக்கவில்லை. 150 வருடங்களுக்கு முன்னால் அந்த இடம் முழுக்கத் துப்பாக்கி சுடும் மைதானம். ‘கிரீட்மோர்’ என்பது அதன் பெயர். கிரீட் என்ற குடும்பத்தின் பண்ணை நிலம் அது. 1871-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம் அந்த நிலத்தை வாங்கி, 1873-ல் மைதானத்தைத் திறந்தது. தட்டையான பூமி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீடு வாசல் இல்லை. தொலைதூரம் சுடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த வருடமே அந்த மைதானம் உலகப் புகழ் அடைந்தது. 1874 செப்டம்பர் 26-ம் தேதி, இங்கிலாந்தின் விம்பிள்டன் போட்டியில் முந்தைய வருடம் வாகை சூடிய அயர்லாந்து அணி அமெரிக்க அணியோடு அங்கே மோதியது. 800, 900, 1,000 கெஜ தூரத்தில் இலக்குகள். வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். அயர்லாந்து வீரர் ஒருவர் அருமையாகக் குறி பார்த்து, இலக்கின் நட்டநடுவே குண்டைப் பாய்ச்சினார். ஆனால், அது அவருக்கு உரிய இலக்கு அல்ல, பக்கத்து இலக்கு! அந்தக் குண்டுக்கு மதிப்பெண் பூஜ்யம். கடைசியாகச் சுட வேண்டிய அமெரிக்க வீரரின் கையில், ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடித்து ரத்தம் கொட்டியது. கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். குறி தப்பவில்லை. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே மூன்று புள்ளி வித்தியாசம்.

இவ்வளவு பெருமை பெற்ற மைதானம் நாற்பது வருடங்கள்கூட நிலைக்கவில்லை. ரயில் வந்தது, நகரம் கிழக்கே வளர்ந்தது, அக்கம் பக்கத்தில் குடியேறியவர்கள் குண்டுச் சத்தத்தையும் தவறி வரும் குண்டுகளையும் பற்றிப் புகார் சொன்னார்கள். பணத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, சங்கம் தன் போட்டிகளை நியூ ஜெர்சி கடற்கரைக்கு மாற்றிக்கொண்டது. 1912-ல் கிரீட்மோரில் மனநல மருத்துவமனை வந்துவிட்டது. மிச்சம் இருப்பவை தெருப் பெயர்களும், பிற்காலத்தில் அந்த மைதானத்தின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட ‘6.5 கிரீட்மோர்’ என்ற தோட்டாவும்தான்.

அயர்லாந்துக்காரர்கள் ஜெயித்த விம்பிள்டன் கதையும் இதேதான். இன்று டென்னிஸுக்குப் பேர்போன ஊரின் பொதுவெளியில், 1860-ல் விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்தார். லண்டன் அங்கும் வளர்ந்து வந்தது. முப்பதே வருடத்தில், 1890-ல், மொத்தப் போட்டியும் சர்ரே மாவட்டத்தின் பிஸ்லி என்ற புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. இன்றுவரை அங்கேதான் நடக்கிறது.

இரண்டு இடத்திலும் சுட்டவர்கள் தூரத்தைக் கூட்டவில்லை, திசையை மாற்றவில்லை. மைதானம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஊர்தான் நகர்ந்து வந்தது. தொலைதூரத் துப்பாக்கி சுடுதல் என்ற விளையாட்டின் பெரிய தலைவலி அன்றும் இன்றும் இதுதான். துப்பாக்கி கடையில் கிடைக்கும், பயிற்சியாளரும் கிடைப்பார். இடம்தான் கிடைக்காது. கிடைத்த இடமும் நிலைக்காது.

ஒரு டிகிரி பிசகினால்...

ஏன் இவ்வளவு பெரிய இடம் வேண்டும்? 1,000 கெஜம் என்பது 914 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இந்த விளையாட்டில் பரவலாகப் பயன்படும் .308 ரகத் தோட்டா அவ்வளவு தூரம் போய்ச் சேர ஒன்றரை விநாடிக்கும் மேல் ஆகும். போகும் வழியிலேயே புவியீர்ப்பு அதைச் சுமார் பத்து மீட்டர் கீழே இழுத்துவிடும். மூன்று மாடி உயரம்! மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடும். இதையெல்லாம் மனக்கணக்காகப் போட்டு, தட்டு அளவு இலக்கைத் தொடுவதில்தான் இந்த விளையாட்டின் ருசியே இருக்கிறது.

ஆனால், கணக்கு தப்பினால்? குழலின் முனை ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கியிருந்தால், 914 மீட்டர் தூரத்தில் குண்டு 16 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருக்கும். இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு அது உடனே விழுந்துவிடாது. இந்த ரகத் தோட்டாக்கள் சரியான கோணத்தில் கிளம்பினால் நாலு கிலோமீட்டர் வரைகூடப் போகக்கூடியவை. ‘சின்னத் துப்பாக்கிதானே’ என்று பலரும் நினைக்கும் .22 ரகத் தோட்டாவின் பெட்டியிலேயே, ‘ஒன்றரை மைல் வரை ஆபத்து’ என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

அதனால்தான் துப்பாக்கி பழகும் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித்தருவார்கள்: இலக்கை மட்டும் பார்த்தால் போதாது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விசையை அழுத்திய பிறகு குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது.

சட்டம் அனுமதித்தால் போதுமா?

இன்று இந்த விளையாட்டுக்கு உலகிலேயே அதிகமாகத் திறந்தவெளி கிடைப்பது அமெரிக்காவில்தான். அந்நாட்டின் நில மேலாண்மைத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் மேற்கு மாநிலங்களின் பாலைவனமும் புல்வெளியும் மலையடிவாரமும். தடை போடாத இடங்களில் யார் வேண்டுமானாலும் போய் இலக்கு வைத்துச் சுடலாம். கட்டணம் கிடையாது. 2019-ல் வந்த ஒரு சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. இந்தத் துறையும் வனத்துறையும், காரணம் சொல்லி மூடாதவரை தங்கள் நிலங்களைச் சுடுகிறவர்களுக்குத் திறந்தே வைக்க வேண்டும். மூடுவதென்றால் பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

கேட்பதற்குச் சொர்க்கம் போல இருக்கிறது. ஆனால், வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே வரிசையாகக் கேள்விகள் காத்திருக்கின்றன.

முதல் கேள்வி, இது யாருடைய நிலம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு அரசு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அதனால் நெவாடா, வயோமிங் போன்ற மாநிலங்களின் பல பகுதிகளில், வரைபடத்தில் பார்த்தால் பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி இருக்கும். வேலி இருக்காது. ஒரே மாதிரி புதர்தான். சுடுகிறவர் பொதுநிலத்தில் படுத்திருப்பார், இலக்கு தனியார் நிலத்தில் நிற்கும்!

இரண்டாவது, எந்தத் துறையின் நிலம்? தேசியப் பூங்கா என்றால் இலக்கு வைத்துச் சுடுவதற்கே இடமில்லை. தேசியக் காடு என்றால், வீடு, கட்டடம், முகாமிடும் இடம், ஆட்கள் இருக்கும் பகுதி எதற்கும் 150 கெஜத்துக்குள் சுடக் கூடாது. காட்டுச் சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கே சுடக் கூடாது. அதோடு அந்தந்த மாநிலத்தின் சட்டம் தனி, மாவட்டத்தின் சட்டம் தனி.

மூன்றாவது, இன்றைக்குத் திறந்திருக்கிறதா? போன மாதம் சுட்ட இடம் இந்த மாதம் தீ அபாயம் காரணமாக மூடப்பட்டிருக்கலாம். அனுபவசாலிகள் கிளம்பும் முன் உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் சரியான பதில் கிடைத்தாலும், அந்த இடம் சட்டப்படி சரி என்பது மட்டும்தான் உறுதியாகிறது. பாதுகாப்பானதா என்பது வேறு கேள்வி. 150 கெஜம் என்ற விதி சுடுகிறவர் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவில்லை.

2015 ஜூலையில், அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்காக, கொலராடோவின் பைக் தேசியக் காட்டில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு குண்டு, அந்தக் குடும்பத்தின் 60 வயதுப் பெரியவர்மீது பாய்ந்தது. அவர் இறந்துபோனார். காட்டின் அந்தப் பகுதியில் இலக்கு வைத்துச் சுடுவது பல காலமாக நடந்துவந்த வழக்கம்தான். கூடாரம் போடுவதும் அதே காட்டில் பல காலமாக நடந்துவந்த வழக்கம்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு குன்று இல்லாமல் போனதுதான் பிரச்னை.

நல்ல இடத்துக்கு என்ன அடையாளம்?

பழுத்த அனுபவசாலிகள் ஓர் இடத்துக்குப் போனதும் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். முதலில் பைனாகுலரை எடுப்பார்கள்.

அவர்கள் தேடுவது ஒரு மலைச் சரிவு. இலக்கைவிடப் பல மடங்கு உயரமாக, செங்குத்தாக, மண்பாங்காக இருக்க வேண்டும். மலை உச்சியின் விளிம்பில் இலக்கு வைக்கவே கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது வெறும் வானம். பாறை நிறைந்த சரிவும் ஆகாது. குண்டு பாறையில் பட்டுத் தெறித்து எந்தத் திசைக்கும் போகலாம். தண்ணீரும் அப்படித்தான். குளத்தில் சில்லுக் கல் விட்டவர்களுக்குத் தெரியும், சாய்வாகப் போகிற கல் தண்ணீரில் மூழ்காது, எம்பிக் குதிக்கும். குண்டும் குதிக்கும்.

அடுத்தது, நடுவில் இருக்கும் நிலம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பள்ளம் இருந்தால், அதில் ஆள் நடந்துவந்தாலும் இங்கிருந்து தெரியாது. வறண்ட ஓடைகளும் பழைய வண்டித் தடங்களும் மலையேறுகிறவர்கள் விரும்பி நடக்கும் பாதைகள். அதனால் இலக்கு வரை ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. சுடும்போது கூடவே ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, பக்கவாட்டில் யாராவது வருகிறார்களா என்று கவனிக்க வேண்டும். மாடு குறுக்கே வந்தாலும் நிறுத்தம்தான்.

பிறகு தீ. காய்ந்த புல்லில் குண்டு பட்டால் தீப்பிடிக்குமா என்று நெடுநாள் விவாதம் இருந்தது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வு நிலையம் ஒன்று 2013-ல் இதைச் சோதித்தே பார்த்தது. குண்டு உருக்குத் தகட்டில் மோதிச் சிதறும்போது, அந்தத் துகள்களின் சூடு 800 டிகிரி செல்சியஸ் வரை எகிறுகிறது என்றும், உருக்கு உள்ளே வைத்த குண்டும் முழுச் செம்புக் குண்டும் எளிதில் தீமூட்டிவிடும் என்றும் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் யூட்டா மாநிலத்தில் சுடுகிறவர்களால் மூண்ட காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2017-ல் அரிசோனாவில் நடந்தது இன்னும் விசேஷம். பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்று அறிவிக்கும் விழாவுக்காக ஒருவர் வெடிக்கும் இலக்கு ஒன்றை வைத்துச் சுட்டார். சுமார் 47,000 ஏக்கர் எரிந்தது. 80 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கட்ட அவர் ஒப்புக்கொண்டார்.

கடைசியாக, குப்பை. பாலைவனத்தில் பழைய டி.வி., ஃப்ரிட்ஜ், கண்ணாடி பாட்டில் என்று எதையாவது வைத்துச் சுட்டுவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நூறு வருடம் வளரும் சகுவாரோ கள்ளியைச் சுட்டுத் துளைப்பவர்களும் உண்டு. 1982-ல் அரிசோனாவில் ஒருவர் அப்படி ஒரு பெரிய கள்ளியைச் சுட்டுக்கொண்டே இருந்தார். அது முறிந்து அவர்மேலேயே விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. அதே மாநிலத்தின் அயர்ன்வுட் காட்டு நினைவுச்சின்னப் பகுதியில் இலக்கு வைத்துச் சுடுவதற்கே இப்போது தடை. பொறுப்பில்லாத நாலு பேர் செய்வதற்குப் பொறுப்பான நாற்பது பேர் இடத்தை இழக்கிறார்கள்.

ஏரியும் பாலைவனமும்

இந்தத் தொல்லையே வேண்டாம் என்கிறவர்களுக்கு முறையாக அமைக்கப்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி மைதானத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே இலக்குகளுக்குப் பின்னால் இருப்பது ஈரி ஏரி. கடல் மாதிரி விரிந்து கிடக்கும் அந்த ஏரியின் ஒரு பகுதியையே அரசு ஆபத்து மண்டலம் என்று அறிவித்து வைத்திருக்கிறது. சுடும்போது படகுகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. நியூ மெக்ஸிகோவில் 33,000 ஏக்கரில் விட்டிங்டன் மையம் இருக்கிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தின் வடக்கே, வனவிலங்குத் துறையே நடத்தும் பென் ஏவரி மைதானம் 1,650 ஏக்கரில் இருக்கிறது. அங்கே 1,000 கெஜ தூரம் வரை சுடலாம். தொடங்கிய காலத்தில் சுற்றிலும் பாலைவனம். இன்று ஃபீனிக்ஸ் நகரம் அதன் வாசல் வரை வந்துவிட்டது. கிரீட்மோரின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

இப்படிப்பட்ட மைதானங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 1937-ல் கொண்டுவந்த சட்டப்படி, அமெரிக்காவில் ரைஃபிள்கள்மீதும் தோட்டாக்கள்மீதும் 11 சதவிகித வரி உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புக்காகத் திரட்டும் அந்த நிதியிலிருந்து சுடும் மைதானங்களுக்கும் ஒரு பங்கு போகிறது. பொது மைதானம் அமைக்கும் செலவில் 90 சதவிகிதம் வரை அதிலிருந்து எடுத்துக்கொள்ள 2019-ல் வழி செய்தார்கள். தோட்டா வாங்குகிறவரே, அது பத்திரமாகப் போய் நிற்கும் மண்மேட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். நியாயமான ஏற்பாடு.

நம் ஊரில்...

இந்தியாவில் கதையே வேறு. பொதுநிலத்தில் போய்ச் சுட்டுப் பழகுவது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. விளையாட்டாகப் பழக விரும்புகிறவருக்கு வழி, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்வது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழைவதே குற்றம். கல்யாணத்தில் கொண்டாட்டமாக வானத்தை நோக்கிச் சுட்டு, அதனால் மற்றவர்களுக்கு ஆபத்து நேர்ந்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சக்தி குறைந்த 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் பதக்கத்துக்கே அதில்தான் போட்டி நடக்கிறது. ஆனால், பையன் ஆசைப்படுகிறான் என்று வாங்கிக் கொடுத்து மொட்டை மாடியில் சுடவிடுகிற பெற்றோர் ஒன்றை நினைக்க வேண்டும். அந்தச் சின்ன ஈயக் குண்டுக்கும் ஒரு கண்ணைப் பறிக்கும் சக்தி உண்டு. பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவருக்கு இங்கே பயிற்சி நடப்பது தெரியாது. பயிற்சி மையத்தில் பத்து மீட்டருக்குப் பின்னால் குண்டைப் பிடித்து நிறுத்தத் தடுப்பு இருக்கிறது. மாடியில் அது இல்லை.

இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விஷயம் என்று தோன்றினால், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 2021 டிசம்பர் 30 காலை, அந்த வட்டாரத்தில் இருந்த துப்பாக்கிச் சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்கு அல்ல, கடமைக்காக. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் நான்கு நாள் போராடி, ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துபோனான். அந்தத் தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது.

அது அனுமதி பெற்ற தளம். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பின்னால் மலையும் இருந்தது. அப்படியும் ஒரு குண்டு தாண்டிவிட்டது.

அதனால்தான் நல்ல மைதானங்களில், ‘ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டோம், முடிந்தது’ என்று விட்டுவிடுவதில்லை. மழையில் மண்மேடு கரைந்திருக்கிறதா, புதிதாகச் சாலை வந்திருக்கிறதா, போன வருடம் காலியாகக் கிடந்த மனையில் இந்த வருடம் யாராவது குடிவந்திருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். குயின்ஸில் குடிவந்தவர்கள் புகார் சொன்னபோது மைதானம் இடம் மாறியது. புகார் சொல்லக்கூட வாய்ப்பில்லாமல் ஒரு பிள்ளை போன பிறகு மாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.